மிளகு மூட்டையோட ஆள் சிக்கினா பிடிச்சு வைக்கிறதா, போக விடறதா?

தாண்டிக்குடி_களம்
தை பிறந்தா மிளகு எடுப்பு. சரத்துக்கு ஒண்ணு ரெண்டு மணி சிவந்ததும் நாம ஏணியைத் தேடுவோம். ராத்திரி திருட வர்ற ஆளுங்க அதுக்கு நாலு நாள் முன்னாடியே வந்துடறாங்க. காவலுக்குப் போற ரெண்டு பேர் கையில கொடுக்க ஒரு பக்கத் தாள் எழுதணும். கொடியை உருவிக்கிட்டு இருக்கிற ஆளைப் பார்த்தா அவங்க என்ன செய்யணும்? பாய்ஞ்சு பிடிக்கிறதா, சத்தம் போட்டு விரட்டறதா, மறைஞ்சிருந்து பார்த்துட்டு காலையில சொல்றதா? "தைரியமா இருங்க, ஜாக்கிரதையா இருங்க"ன்னு எழுதிக் கொடுத்துப் பிரயோஜனம் இல்லை. எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் நிக்கணும், என்ன வார்த்தை பேசணும்னு வேணும். தோட்டம் கொடைக்கானல் மலைப் பக்கம், 11 ஏக்கர். காப்பிக்கு நடுவுல சில்வர் ஓக், முள்முருங்கை, அதுல கொடி. மேல தார் ரோடு, கீழ ஓடை, மேற்கால காடு.

முறுக்குமீசை
இதுல என்னங்க ஆராய்ச்சி? பிடிச்சு மரத்துல கட்டு, விடிஞ்சதும் ஊரைக் கூப்பிடு. ஒருத்தனுக்கு விழுந்தா பத்து பேருக்கு உறைக்கும். இன்னைக்கு விட்டா அடுத்த வாரம் நாலு பேரா வருவான்.

சில்வர்ஓக்
மீசைக்காரரே, கட்டறது அப்புறம். முதல்ல அவன் கையில என்ன இருக்குன்னு பாருங்க.

கூலிக்கு எடுக்கிறவங்க ஒற்றை மூங்கில் ஏணி சாத்தி, சரம் சரமா கிள்ளி மடியில போடுவாங்க. திருட வர்றவன் 20 அடி ஏணியைச் சுமந்துக்கிட்டு வரமாட்டான். இடுப்பு உயரத்துல கொடியை வெட்டி, மொத்தமா கீழே இழுத்து, உட்கார்ந்து உருவுவான். அதனால அவன்கிட்ட எப்பவும் அரிவாளோ, கிளை வெட்டற கவ்வாத்துக் கத்தியோ இருக்கும். சண்டைக்குன்னு கொண்டு வந்தது இல்லை, தொழிலுக்குக் கொண்டு வந்தது. ஆனா பயந்தா அதுதான் கைக்கு வரும். காவல் தாளோட முதல் வரி இதுவா இருக்கட்டும்: ஆள் தெரிஞ்சா கத்தியும் இருக்குன்னு வெச்சுக்கோ.

அடுத்தது நிக்கிற இடம். எப்பவும் மேட்டுப் பக்கம். பள்ளத்துல நின்னு மேலே டார்ச் அடிச்சா நம்ம ஆள் முகம் தெரியும், அவன் பாய்ஞ்சா சரிவும் அவனுக்குத்தான் உதவும். 60 அடிக்குக் குறையாம தள்ளி நிக்கணும். நடுவுல ரெண்டு வரிசை காப்பிச் செடி இருந்தா இன்னும் நல்லது, காப்பிக் கிளையைத் தள்ளிக்கிட்டு யாராலும் வேகமா ஓடி வர முடியாது. டார்ச்சை நெஞ்சுக்கு நேராப் பிடிக்காம கையைப் பக்கவாட்டுல முழுசா நீட்டிப் பிடிக்கணும். கல் எறிஞ்சா வெளிச்சத்தைக் குறி வெச்சுத்தான் எறிவான். இதனாலதான் தலையில மாட்டற லைட்டு காவலுக்கு ஆகாது.

வெளிச்சம் மூட்டை மேலயும் கால் மேலயும் விழணும். மூஞ்சியில அடிச்சா கண் கூசி எந்தப் பக்கம் ஓடறதுன்னு தெரியாம நம்ம மேலயே வந்து விழுவான்.

வார்த்தை மூணே மூணு. "யாரது. பார்த்தாச்சு. மூட்டையை வெச்சுட்டுப் போ." திட்டு வேண்டாம், சாதி வேண்டாம், அம்மா அக்கா வேண்டாம். முக்கியமா, ஆளைத் தெரிஞ்சாலும் பேரைச் சொல்லிக் கூப்பிடாதீங்க. முகம் தெரியலைன்னு நம்பறவன் ஓடிடுவான். "டேய், நீ இன்னார் மகன்தானே"ன்னு சொல்லிட்டா அவனுக்கு ஓடிப் பயன் இல்லை, உங்க வாயை அடைக்கத்தான் பார்ப்பான். தெரிஞ்ச பேரை மனசுல வெச்சுக்கிட்டு, மேலே ரோட்டுக்கு வந்து நோட்டுல எழுதுங்க.

கோத்தகிரி_மேடு
நாங்க நீலகிரி, பயிர் வேற. ஆனா இருட்டு ஒண்ணுதான். சில்வர்ஓக் சொன்னதோட இதையும் சேர்க்கணும்: துரத்தக் கூடாது. தைரியத்துக்குச் சொல்லலை. காட்டுமாடு ராத்திரி தோட்டத்துக்குள்ளதான் படுத்திருக்கும். ஓடற ஆளும் துரத்தற ஆளும் அது மேல போய் முட்டினா, முதல்ல போனவன் தாண்டிடுவான், பின்னால வர்றவனைத்தான் அது குத்தும். எங்க பக்கம் கரடி வேற. மனுஷன் ஓடற சத்தமும் செடி முறியற சத்தமும் கேட்டா விலகிப் போற மிருகம்கூட எழுந்து நிக்கும்.

நாயைக் களத்துல சங்கிலி போட்டுக் கட்டி வைக்கிறவங்க இருக்காங்க. அது காவல் இல்லை, சிறுத்தைக்கு வெச்ச சாப்பாடு. குலைக்கத்தான் நாய் வேணும்னா கம்பி வலைக் கூண்டுக்குள்ள விடுங்க, சத்தம் அதே சத்தம்தான்.

எங்க ஊர்ல கேரட் பிடுங்கற ஆளுங்க விடியறதுக்கு ரொம்ப முன்னாடியே தலையில லைட்டோட போவாங்க, மேட்டுப்பாளையம் மண்டிக்கு நேரத்துல சரக்கு போகணும். இருட்டுல லைட்டைப் பார்த்த உடனே திருடன்னு முடிவு கட்டி அடிக்கப் போனா, பக்கத்துத் தோட்டத்துக் கூலிக்காரர் மண்டை உடையும். அதனால முதல் வார்த்தை "யாரது"வாத்தான் இருக்கணும். சில்வர்ஓக் வெச்ச வரிசை சரி.

முறுக்குமீசை
ஆக, எல்லாரும் சேர்ந்து கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பி வைக்கச் சொல்றீங்க. சட்டத்துலயே நாம பிடிக்கலாம்னு இருக்கே?

வத்தலக்குண்டு_வக்கீல்
இருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் பாதிதான் தெரிந்திருக்கிறது. மீதியைச் சொல்கிறேன்.

தனிநபர் கைது செய்யும் அதிகாரம், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40-வது பிரிவில் வருகிறது. குற்றம் நம் கண்முன் நடக்க வேண்டும். அது போலீஸ் பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடியதாகவும், ஜாமீனில் விட முடியாததாகவும் இருக்க வேண்டும். பிடித்தவரைத் தாமதமில்லாமல், எப்படியும் 6 மணி நேரத்துக்குள், போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். இந்த 6 மணி நேரக் கெடு பழைய சட்டத்தில் இல்லை, 2024 ஜூலை 1 முதல்தான் இருக்கிறது. இரவு 11 மணிக்குக் கட்டி வைத்து, விடிந்து ஊரைக் கூட்டி, ஒன்பது மணிக்கு ஸ்டேஷனுக்குப் போனால் கெடு எப்போதோ தாண்டிவிட்டது. அதன்பின் அது கைது அல்ல, சட்டவிரோதமாக அடைத்து வைத்தல். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 127-வது பிரிவு, ஓராண்டு வரை சிறை. வழக்கு உங்கள் காவலாளி மேல் வரும்.

அடுத்தது பலர் கவனிக்காத பகுதி. புதிய சட்டத்தில் திருட்டு 303(2). சாதாரணமாக 3 ஆண்டு வரை சிறை. ஆனால் பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்து, முதல் தடவை தண்டிக்கப்படுபவராக இருந்து, பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், தண்டனை சமுதாய சேவை மட்டுமே. 5,000-க்குக் கீழ்ப்பட்ட அந்தத் திருட்டை அட்டவணையில் ஜாமீனில் விடக்கூடியதாகவும், பிடியாணை இல்லாமல் போலீசே கைது செய்ய முடியாததாகவும் வைத்திருக்கிறார்கள். போலீசுக்கே இல்லாத அதிகாரம் தோட்டக் காவலாளிக்கு எங்கிருந்து வரும்?

மிளகில் கணக்குப் போடுங்கள். காய்ந்த மிளகு கிலோ 650 ரூபாய் என்று வைத்தால் 5,000 ரூபாய்க்கு 8 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. பச்சையில் அதன் மூன்று மடங்கு, சுமார் 23 கிலோ. இருட்டில் 60 அடி தள்ளி நின்று, மூட்டையில் 20 கிலோவா 30 கிலோவா, இவருக்கு இது முதல் தடவையா என்று காவலாளியால் சொல்ல முடியுமா? முடியாது. ஆகவே காவலாளிக்கான விதி "பிடிக்காதே" என்றுதான் இருக்க வேண்டும்.

பொருளைக் காப்பாற்றும் உரிமை வேறு. அது நியாய சன்ஹிதாவின் தற்காப்புப் பிரிவுகளில் (34 முதல் 44) இருக்கிறது. திருட்டு நடக்கும்போது, திருடியவர் பொருளோடு தப்பித்து முடிக்கும் வரை, பொருளை மீட்க அவசியமான அளவு பலத்தைப் பயன்படுத்தலாம். அதற்கு 5,000 ரூபாய் வரம்பு கிடையாது. சுருக்கமாக, மூட்டையைப் பிடுங்கலாம், ஆளைக் கட்டக் கூடாது. மூட்டையைப் போட்டுவிட்டு ஓடுகிறவரின் முதுகில் கம்பால் அடித்தால் அது தற்காப்பு ஆகாது. பொருள் ஏற்கெனவே நம் கைக்கு வந்துவிட்டது.

சில்வர்ஓக்
// மூட்டையைப் பிடுங்கலாம் //

வக்கீல் சார், சட்டத்துல பிடுங்கலாம். களத்துல வேண்டாம். ஈர மூட்டையைத் தலையில வெச்சவன் ரெண்டு கையும் மேலே இருக்கும், பின்னாலேர்ந்து இழுத்தா சுலபம்னு தோணும். சரிவுல ரெண்டு பேரும் சேர்ந்து உருளுவாங்க, இடுப்புல சொருகின அரிவாள் யார் மேல பாயும்னு சொல்ல முடியாது. 30 கிலோவைச் சுமந்துக்கிட்டு வேகமா ஓட முடியாது. வெளிச்சமும் குரலும் வந்தா தானா போட்டுடுவான். அவனுக்கு வழி மட்டும் திறந்து வைக்கணும்.

வழி விஷயத்துலதான் தப்பு நடக்கும். ரெண்டு காவலாளி இருந்தா, ஒருத்தர் மேல, ஒருத்தர் கீழன்னு மடக்கத் தோணும். அப்படிச் செஞ்சா கீழே நிக்கிறவர் ஓடைக்குப் போற ஒற்றையடிப் பாதையை மறிச்சுடறார். ஓட வழி இல்லாதவன் வெட்டுவான். ரெண்டு பேரும் ஒரே பக்கம், பத்தடி இடைவெளி, மேட்டுல நிக்கட்டும்.

வத்தலக்குண்டு_வக்கீல்
சரியான இடம். சட்டமும் அங்கேதான் திரும்புகிறது. திருடிய பொருளைக் கொண்டுபோவதற்காகத் தள்ளினாலோ, அடித்தாலோ, கத்தியைக் காட்டினாலோ அது திருட்டு அல்ல, வழிப்பறி. பிரிவு 309, 10 ஆண்டு வரை. அந்த நிலைக்கு யாரையும் நெட்டித் தள்ளாதீர்கள். நெட்டித் தள்ளினால் முதலில் ரத்தம் வருவது காவலாளிக்கு.

வீடு வேறு. சூரியன் மறைந்து உதிக்கும் முன் ஒருவர் வீட்டை உடைத்து உள்ளே வந்தால் தற்காப்பு உரிமை மிக அகலமானது, பிரிவு 41 பாருங்கள். தோட்டத்தையும் வீட்டையும் ஒரே விதியில் அடைக்காதீர்கள்.

மரத்தில் கட்டச் சொன்னவருக்கு: 2018 பிப்ரவரியில் நீலகிரிக்குப் பக்கத்தில், கேரளத்தின் அட்டப்பாடியில், அரிசி எடுத்தார் என்று ஒரு ஆதிவாசி இளைஞரைப் பிடித்துக் கையைக் கட்டி அடித்தார்கள். போலீஸ் வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டார். 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் என்றது, 13 பேருக்கு 7 ஆண்டு கடுங்காவல். கூட்டம் சேர்ந்தால் யார் அடித்தது, யார் நிறுத்தச் சொன்னது என்பதெல்லாம் பின்னால் எடுபடாது.

முறுக்குமீசை
சரி, கட்டறதை விட்டுட்டேன். ஆனா விட்டா திரும்ப வருவான்னு சொன்னேனே, அதுக்குப் பதில் வரலை.

பண்ணைக்காடு_மண்டி
அதுக்கு நான் சொல்றேன். ஆளை விடுங்க, சரக்கை விடாதீங்க.

பச்சை மிளகை ரொம்ப நேரம் மூட்டையில வெச்சிருக்க முடியாது. ரெண்டு நாள் கட்டிக் கிடந்தா உள்ள புழுங்கி, சூடேறி, பூஞ்சை பிடிச்சுரும். அப்படின்னா அவனுக்கு ரெண்டே வழி. பச்சையா உடனே தள்ளணும், இல்லேன்னா எங்கேயாவது தார்ப்பாய் விரிச்சு நாலஞ்சு நாள் காயவைக்கணும். கொடி இல்லாத வீட்டு மாடியில மிளகு காயுதுன்னா ஊருக்கே தெரியும். அதனால பச்சையாத்தான் தள்ளுவாங்க. வாங்கறது யாரு? சின்ன வண்டியில தராசோட வர்ற சில்லறை ஆளுங்க, ரோட்டோரக் கடை. இவங்க ஒரு ஊருக்கு அஞ்சாறு பேருக்கு மேல இருக்கமாட்டாங்க.

எடுப்பு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே, தோட்டக்காரங்க நாலஞ்சு பேரா சேர்ந்து அவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் நேர்ல போய்ப் பேசுங்க. "10 கிலோ, 20 கிலோன்னு பச்சை வந்தா ஆள் பேரு, எந்தத் தோட்டம், போன் நம்பர் எழுதிக்கிட்டு வாங்குங்க." மிரட்ட வேண்டாம். திருட்டுச் சரக்குன்னு தெரிஞ்சு வாங்கினா 317-ல 3 வருஷம், அதையே வழக்கமா வெச்சிருந்தா ஆயுள் வரைக்கும் போகும்னு அவங்களுக்கும் தெரியும். ராத்திரி சம்பவம் நடந்தா காலை 7 மணிக்குள்ள அந்த அஞ்சாறு பேருக்கும் போன் போகணும். கீழே இறங்கற பாதையும் முக்கியமா ரெண்டுதான், ஒண்ணு பெரும்பாறை வழியா சித்தரேவு, இன்னொண்ணு ஊத்து வழியா வத்தலக்குண்டு மலைப்பாதை. விக்க முடியலைன்னா வரமாட்டான். மரத்துல கட்டறதைவிட இதுக்குத்தான் பயப்படுவான்.

செக்ரோல்_அக்கா
எல்லாரும் ராத்திரி ஆளையே பேசறீங்க. பகல்ல போறதைப் பத்தி யாரும் வாயைத் திறக்கலை. தூக்குவாளியில தினம் ஒரு கிலோ போனா, 40 நாள் எடுப்புல அது ஒரு ராத்திரித் திருட்டைவிடப் பெரிசு.

ஆனா இதுலதான் அநியாயமா பழி விழறதும் அதிகம். "100 கிலோ பச்சை எடுத்தோம், 28 கிலோதான் காய்ஞ்சு வந்துச்சு, எவளோ எடுத்துட்டா"ன்னு கத்துவாங்க. நல்லா முத்தின மிளகு 100-க்கு 33, 35 வரும். மழை வருமேன்னு பயந்து இளசா எடுத்தா 30-க்குக் கீழதான் நிக்கும். உள்ள பருப்பே சேர்ந்திருக்காது. தேங்கா உடைக்கிற மாதிரி ஒரு மணியை நகத்தால பிளந்து பாருங்க: உள்ள வெள்ளையா கெட்டியா இருந்தா முத்தல், பால் மாதிரி கசிஞ்சா இளசு. அதைப் பார்க்காம ஆள் மேல பாயாதீங்க. காப்பியும் அப்படித்தான். பழம் 100 கிலோவுக்குக் காய்ஞ்ச பாச்மென்ட் (பழத்தோல் உரிச்ச, ஓட்டோட இருக்கிற கொட்டை) சுமார் 20 கிலோ. பனி நாள்ல களத்துல விட்டா ஈரம் இழுத்து எடை கூடும், வெயில்ல குறையும். எடை மாறினதுக்கெல்லாம் திருட்டு காரணமாகாது.

நிஜமாவே சந்தேகம்னா எடுக்கிற இடத்துலயே, பிளாக் பிளாக்கா, ஒரு நாளைக்கு ரெண்டு எடை போடுங்க, மத்தியானம் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. குறையற பிளாக் எதுன்னு மூணாவது நாள் தெரிஞ்சுடும். பை பார்க்கிறதுன்னா எல்லார் பையும் பார்க்கணும், மேஸ்திரி பை உட்பட. பெண்கள் பையைப் பெண்தான் பார்க்கணும், எடைக் கொட்டாயில வெச்சு. கூலிக்காரங்க குடியிருக்கிற லயன் வீட்டுக்குப் போய்த் துழாவக் கூடாது.

கிடைச்சா? கூட்டத்துல வெச்சுக் கேட்காதீங்க. மறுநாள் காலையில வேலைக்கு முன்னாடி, தனியா, இன்னொரு பெண் கூட இருக்கிற மாதிரி உட்காரவெச்சு, "உங்க பிளாக் எடை மூணு நாளா குறையுது, இது உங்க பையில இருந்துச்சு"ன்னு நோட்டைக் காட்டிச் சொல்லுங்க. சொல்லிட்டு வாயை மூடிக்கோங்க. நாம பேசப் பேச அது சண்டையாகும். பேசாம இருந்தா அவங்களே காரணத்தைச் சொல்வாங்க. பெரும்பாலும் முன்பணமா ஏதாவது தேவை இருக்கும்.

இஷ்டத்துக்குக் கூலியில பிடிக்கவும் முடியாது. விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுக்காமப் பிடிச்சா லேபர் ஆபீஸ்ல நாமதான் நிக்கணும்.

வத்தலக்குண்டு_வக்கீல்
அக்கா சொன்னதோடு ஒன்று: வேலையாள் முதலாளி பொருளைத் திருடினால் பிரிவு தனி, 306, 7 ஆண்டு வரை. சமுதாய சேவைச் சலுகை 303-இல்தான் இருக்கிறது. ஆகையால் ஒரு கிலோ மிளகுக்குப் புகார் கொடுக்கும் முன் ஒரு குடும்பத்தின் தலையில் எந்தப் பிரிவை வைக்கிறோம் என்று யோசித்துவிட்டுக் கொடுங்கள். புகார் போகாமல் எச்சரித்து விடுவதற்குச் சட்டத்தில் தடை இல்லை.

கோத்தகிரி_மேடு
உதிரி பொறுக்கிறவங்களை எந்தக் கணக்குல வைப்பீங்க? எடுப்பு முடிஞ்ச பிறகு செடிக்கடியில கிடக்கிறதைப் பொறுக்கப் பொம்பளைங்களும் பசங்களும் வருவாங்க. அதையும் திருட்டுன்னு விரட்டறவங்க இருக்காங்க.

சில்வர்ஓக்
காப்பின்னா விரட்டறவன் முட்டாள். கீழே விழுந்து கிடக்கிற காய்லதான் காய்த்துளைப்பான் வண்டு தங்கி அடுத்த வருஷத்துக்கு ஏறும். உதிரியைப் பொறுக்கி எடுங்கன்னுதான் தாண்டிக்குடி காப்பி ஆராய்ச்சி நிலையத்துலயும் சொல்வாங்க. நாம கூலி கொடுத்துச் செய்ய வேண்டிய வேலை அது. "எடுப்பு முடிஞ்சு இந்தத் தேதிக்கு மேல, பகல்ல, கீழே கிடக்கிறது மட்டும், கிளையில கை வைக்கக் கூடாது"ன்னு சொல்லிட்டா போதும். கிளையில கை வெச்சானா இல்லையான்னு பையைப் பார்த்தாலே தெரியும். பொறுக்கினது கறுத்து, மண் ஒட்டி இருக்கும். உருவினதுல பச்சைக் காயும் சிவப்புப் பழமும் இலைத்துணுக்கும் காம்பும் சேர்ந்து கிடக்கும். உருவின கிளையைத் தடவிப் பார்த்தா கணுவுல தோல் உரிஞ்சு சொரசொரன்னு இருக்கும், அடுத்த வருஷப் பூ அந்தக் கணுவுல வராது.

இன்னொண்ணு, காட்டோரமா மூட்டையோட வர்ற பளியர்களை, இந்த மலைப் பழங்குடிகளை, நிறுத்தி மூட்டையை அவுக்கச் சொல்றது. தேன், கடுக்காய், கிழங்கு எடுக்க அவங்களுக்கு 2006 வன உரிமைச் சட்டத்துலயே உரிமை இருக்கு. மூட்டை இருக்கு, ஆள் கறுப்பா இருக்கான், அதனால திருடன்னு முடிவு கட்டற காவலாளியை முதல்ல வேலையிலேர்ந்து நிறுத்துங்க.

வத்தலக்குண்டு_வக்கீல்
அப்படி நிறுத்தி நாலு பேர் முன் சாதியைச் சொல்லித் திட்டினால் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வரும். முன்ஜாமீன் எளிதில் கிடைக்காது.

தாண்டிக்குடி_களம்
இவ்வளவு விவரம் வரும்னு எதிர்பார்க்கலை, எல்லாருக்கும் நன்றி. மின்வேலி, கேமரா ரெண்டையும் சிலர் சொல்றாங்க. அது?

ஒயர்மேன்
வீட்டுக் கரண்டை நேரா கம்பியில கொடுக்கிறதைக் கனவுல கூட நினைக்காதீங்க. மாடு செத்தாலும் மனுஷன் செத்தாலும் ஜெயில்தான். விட்டு விட்டு அடிக்கிற சோலார் வேலிக்கும் தமிழ்நாட்டுல 2023 விதிப்படி பதிவு வேணும், அது மிருகத்துக்கு, திருடனுக்கு இல்லை.

கேமராவைத் தோட்டத்துக்குள்ள மாட்டி ஏமாறாதீங்க. ராத்திரி அகச்சிவப்பு வெளிச்சம் பனிமூட்டத்துல பட்டுத் திரும்பும், படம் முழுக்க வெள்ளைப் படுதா மாதிரிதான் வரும். இலை ஆடினாலும் படம் எடுக்கும், மூணு நாள்ல பேட்டரி காலி. ரோட்டுல சரக்கு ஏத்தற இடம், கேட்டு, ஓடைப் பாலம், இந்த மூணு இடத்துல மாட்டுங்க. எட்டடி உயரம், கீழ்நோக்கி, வண்டி நம்பர் தெரியற மாதிரி. கோர்ட்டுக்கு வாட்ஸப்ல வந்த படம் போதாது. மெமரி கார்டை அப்படியே கழட்டி உறையில போட்டுத் தேதி எழுதி வைங்க. மின்னணுச் சாட்சிக்குப் புதுச் சாட்சியச் சட்டத்துல 63-வது பிரிவுச் சான்று வேணும், அதுல கேமராவுக்குப் பொறுப்பானவரும் ஒரு நிபுணரும் கையெழுத்துப் போடணும், எழுத வக்கீல் உதவுவார்.

வத்தலக்குண்டு_வக்கீல்
படத்தை ஊர் குரூப்பில் "திருடன்" என்று போடாதீர்கள். ஆள் தவறாக இருந்தால் அவதூறு வழக்கு. பையன் 18-க்குக் கீழே இருந்தால் அடையாளத்தை வெளியிட்டதே தனிக் குற்றம். மிளகு உருவ வருகிறவர்களில் பள்ளிக்கூடப் பையன்களும் உண்டு.

புகார் எழுதும்போது "மிளகு திருடு போனது" என்று மட்டும் எழுதினால் சி.எஸ்.ஆர்., அதாவது புகார் வாங்கியதற்கான ரசீதோடு நின்றுவிடும். சர்வே எண், எத்தனை கொடி வெட்டப்பட்டது, கொடிக்குச் சராசரி எத்தனை கிலோ, மொத்த மதிப்பு, நேரம், போன திசை, விட்டுப்போன சாக்கு அல்லது அரிவாள், இவ்வளவும் எழுதுங்கள். 20 கொடி, கொடிக்கு 3 கிலோ பச்சை என்றால் 60 கிலோ. காய்ந்து 20 கிலோ, 13,000 ரூபாய். 5,000-ஐத் தாண்டிவிட்டது, எஃப்.ஐ.ஆர். போட வேண்டிய குற்றம். பச்சை விலையா காய்ந்த விலையா என்று கேட்பார்கள், போன வாரத்து மண்டி ரசீதை இணையுங்கள். கொடியை வெட்டியது தனி நஷ்டம், பிரிவு 324, அதையும் எழுத மறக்காதீர்கள். ஸ்டேஷனில் வாங்க மறுத்தால் தபாலில் எஸ்.பி.க்கு.

பின்னால் ஆள் கிடைத்து, நஷ்டத்தைக் கொடுத்து, ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்தால், 303(2)-ஐப் பொருளின் சொந்தக்காரர் சமரசம் செய்துகொள்ளலாம். விட்டுவிடுவதென்றால் அங்கே விடுங்கள். எழுத்தில் பதிவாகிய பிறகு விடுவதற்கு மரியாதை உண்டு.

முறுக்குமீசை
இது எனக்குப் பிடிச்சிருக்கு.

தாண்டிக்குடி_களம்
தாளோட வரைவு இது. திருத்துங்க.

"எப்பவும் ரெண்டு பேர், மேட்டுப் பக்கம், 60 அடி. அவனிடம் கத்தி உண்டு. டார்ச் கையை நீட்டி, மூட்டை மேல். யாரது, பார்த்தாச்சு, மூட்டையை வெச்சுட்டுப் போ. பேர் சொல்லாதே, ஓடைப் பாதையை மறிக்காதே, துரத்தாதே, தொடாதே. போனதும் ரோட்டுக்கு வந்து நேரம், ஆள் எண்ணிக்கை, போன பக்கம் எழுது. 112-க்கும் எனக்கும் போன். மூட்டையைத் தூக்காதே, போட்டோ எடு."

சில்வர்ஓக்
விசில் சேர்த்துக்கோங்க. ஓடைப் பக்கம் சிக்னல் இருக்காது. நீளமா ஒண்ணு: ஆள் இருக்கு. சின்னதா மூணு: அடிபட்டுட்டேன், வா. அவ்வளவுதான், அதுக்கு மேல வெச்சா பதட்டத்துல மறந்துடும்.

களத்துல ராத்திரி குவிச்சு மூடற மிளகுக்கு நெல்லுக்குப் போடற மாதிரி குறி போடுங்க. அம்பாரத்து மேல சாணிப்பால் தெளிக்கிறது நெல்லுக்கு. மிளகுக்கு வேண்டாம், ஏற்றுமதிக்காரன் மூட்டையைத் திருப்பி அனுப்புவான். தார்ப்பாயோட ஓரம் முழுக்கச் சாம்பல் கோடு, அது மேல மரமுத்திரை. யாராவது தூக்கினா காலையில கோடு உடைஞ்சிருக்கும். வெளி ஆளா, களத்துல படுக்கிற ஆளான்னு பாதி விடை அதுலயே இருக்கும்.

பண்ணைக்காடு_மண்டி
// மூட்டையைத் தூக்காதே //

இது இடிக்குது. ராத்திரி பூரா கட்டின மூட்டையை அப்படியே விட்டா காலையில தொட்டாலே சூடா இருக்கும். போலீஸ் வர மத்தியானம் ஆச்சுன்னா மிளகு போச்சு.

வத்தலக்குண்டு_வக்கீல்
போட்டோ எடுத்து, ரெண்டு சாட்சி முன்னால் எடை போட்டு, சாக்கை மட்டும் தனியாக மடித்து வைத்துவிட்டு, மிளகைத் தார்ப்பாயில் பரப்பிவிடலாம். பரப்புவதற்கு முன் ஸ்டேஷனுக்குப் போனில் சொல்லிவிடுங்கள். போலீஸ் மகஜர் (பறிமுதல் பட்டியல்) போட்டு எடுத்துப் போய்விட்டால், கெடும் பொருள் என்று சொல்லி மாஜிஸ்திரேட்டிடம் இடைக்காலமாகக் கேட்டு மனுப் போடலாம்.

செக்ரோல்_அக்கா
மகஜர்ல "மிளகு 40 கிலோ"ன்னு மட்டும் எழுத விடாதீங்க. "பச்சை மிளகு, சரத்தோடு, 40 கிலோ"ன்னு எழுதச் சொல்லுங்க. சரத்தோட எடை வேற, உதிர்த்த எடை வேற, காய்ஞ்சா 13 கிலோகூட நிக்காது. திரும்ப ஒப்படைக்கும்போது மீதி 27 கிலோ எங்கேன்னு உங்களைத்தான் கேட்பாங்க.